மைனா என்று ஒருமுறை கூப்பிட்டிருக்கலாம்

அனுப்புநர்:
சா. செம்பியன்,
மைக்செட், திரை வாடகை,
பாலத்துக்கு அருகில்,
சேத்தியாத்தோப்பு, கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: என் மகள் தில்லையம்மாள் (வயது 4) பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை என்று எழுதிய மதிப்பீட்டை ஒதுக்கிவிட்டு, மறுபடி பார்க்க உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

1. என் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். பிறந்தவுடன் அழவில்லை. கை கால் வளர்ச்சி குறைவு, பேச்சு இன்னும் வரவில்லை. சிதம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் பயிற்சி மையத்துக்கு என் மனைவி இளமதி ஒன்றரை வருடமாகத் தினமும் அவளைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய் வருகிறாள். கழுத்து நிற்காமல் இருந்த பிள்ளை இப்போது உட்காருகிறாள். அதற்கு மையத்தாருக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஜனவரியில் நடந்த மதிப்பீட்டுக்குப் பிறகு, ஜூன் முதல் தினப் பயிற்சி கிடையாது, மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்று தாள் கொடுத்துவிட்டார்கள். காரணம் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

2. பிப்ரவரி 8, 9 தேதிகளில் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் குழந்தைகளின் மூளை, நரம்பு வளர்ச்சி பற்றி டாக்டர்கள் மாநாடு நடந்தது. மைக்கும் திரையும் என்னுடையவை. படத்தை ஓட்டச் சொன்னால் ஓட்டுவதும், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதும் என் வேலை. முதல் நாள் பேச வந்த ஒரு மேடம் வீடியோ போடச் சொன்னார். போட்டேன். திரையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கண்மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். பெற்ற அப்பனுக்கு அது ஒரு மறைப்பா அம்மா? ஜனவரி மதிப்பீட்டைப் படம் எடுக்க நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான், அதில் எனக்குக் குறை இல்லை.

3. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் நின்று "தில்லையம்மாள்" என்று மூன்று முறை கூப்பிட்டார். என் மகள் கையிலிருந்த பிளாஸ்டிக் வளையத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காது நன்றாக இருந்தும் பெயருக்குப் பதில் இல்லை, இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தினப் பயிற்சியால் பெரிய பலன் இருக்காது என்று மேடம் விளக்கினார். மண்டபத்தில் எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். படத்தின் கடைசியில், ஓரத்திலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது: "மைனா, வாடி போவலாம்." என் மகளின் தலை திரும்பத் தொடங்கியது. அதற்குள் போதும் என்று மேடம் கை காட்டினார். நான் நிறுத்திவிட்டேன். என் கையாலேயே நிறுத்தினேன் அம்மா. வேலை பழகிய கை, யோசிக்கவில்லை.

4. தில்லையம்மாள் என்பது காலமான என் தாயாரின் பெயர். ஆசைப்பட்டு நான் வைத்தது. எங்கள் வீடுகளில் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை, அந்தப் பெயர் வைத்த பிள்ளையையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அதனால் எனக்கும் மைனா, தெருவுக்கும் மைனா. மையத்தில் பயிற்சி கொடுப்பவர்கள் பாப்பா என்பார்கள். ஆதாரிலும் பதிவேட்டிலும் மட்டும்தான் தில்லையம்மாள். மதிப்பீட்டு நாளன்று நான் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாண வேலையில் இருந்தேன். மதிப்பீடு செய்ய வெளியூரிலிருந்து வந்தவர்கள் குழந்தையின் பெயரைக் கேட்டதற்கு என் மனைவி வாயைத் திறக்காமல் ஆதார் அட்டையைக் காட்டியிருக்கிறாள். பேசாமல் ஓரமாக உட்காரச் சொன்னார்களாம், உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து காதில் விழாத பெயருக்கு ஒரு பிள்ளை எப்படித் திரும்பும்?

5. சாப்பாட்டு நேரத்தில் மேடத்திடம் இதைச் சொன்னேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார். தன் கட்டுரையில் திருத்திவிடுவதாகச் சொன்னார். நல்ல மனுஷி. மையத்திலோ, அடுத்த மதிப்பீடு ஒரு வருடம் கழித்துத்தான், தங்கள் அலுவலகக் கடிதம் வந்தால்தான் முன்கூட்டிப் பார்ப்போம் என்கிறார்கள். சின்ன வயதில்தான் மூளை சீக்கிரம் கற்றுக்கொள்ளும், நாளைக் கடத்தக் கூடாது என்று அந்த மாநாட்டில் இரண்டு நாளும் பேசினார்கள். எல்லாம் என் மைக்கில்தான் பேசினார்கள்.

6. ஆகவே ஜூன் மாதத்துக்குள் என் மகளை மறுபடி மதிப்பீடு செய்யவும், அப்போது தாய் பக்கத்தில் இருக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். படிவத்தில் 'வீட்டில் கூப்பிடும் பெயர்' என்று ஒரு கட்டமும் சேர்த்தால் நல்லது. இந்தப் பக்கத்தில் எங்களைப் போல எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

மாநாட்டில் பார்த்ததை வீட்டில் சொன்னபோது என் மனைவி, பிள்ளைக்குப் பயிற்சி போனது தன்னால்தான் என்று அழுதாள். மறுநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் என் தாயாரின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "அத்தை, கோவிச்சுக்காதீங்க. புள்ளைக்காகத்தான் சொல்றேன்" என்றாள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஒரு மாதம் என் மகள் அசையவில்லை. போன வியாழக்கிழமை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இப்போது இரண்டுக்கும் திரும்புகிறாள். தங்களுக்கு எந்தப் பெயர் வசதியோ அதையே சொல்லலாம் அம்மா. இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடம்: சேத்தியாத்தோப்பு
நாள்: 24.03.2025

பணிவுடன்,
சா. செம்பியன்
செ. இளமதி

இணைப்பு: மதிப்பீட்டுத் தாள் நகல், ஆதார் நகல்.