பிரபு கேட்ட சுழல்கொக்கி

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம். படகும் இப்போது நலம். உன் கால் புண் ஆறியதா? ஆறும்வரை உப்பளத்தில் இறங்காதே.

உன் தம்பி பிரபு, நங்கூரச் சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு சுழல்கொக்கி கேட்டிருந்தான். இங்கே பஹ்ரைனில் எங்கள் முதலாளியும் பளபளவென்று ஒன்று வாங்கி, படகுக் கயிற்றுக்கும் சங்கிலிக்கும் நடுவே மாட்டினார். வியாழக்கிழமை காற்றில் அது இரண்டாக உடைந்தது. நங்கூரமும் சங்கிலியும் கடலுக்குள் போய்விட்டதால் முறுக்கிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. படகு கொஞ்ச தூரம் உலாவியது, நாங்களும் கூடப் போனோம். பக்கத்துப் படகுக்காரர்கள் கயிறு வீசி இழுத்துவந்தார்கள்.

எங்கள் படகில் வேலை செய்யும் எக்கியார்குப்பத்து அறிவழகன் கரையேறியதும் கேட்டான்: "ஏம்பா, சங்கிலி முறுக்கிக்கினா பிரிச்சுக்கலாம். அந்துட்டா எதைப் பிரிக்கிறது?"

பிரபுவுக்கு வெளிநாட்டுச் சாமான் என்றால் பக்தி. சொன்னால் கேட்கமாட்டான். அதனால் லீவில் வரும் அறிவழகனிடம் எங்கள் கொக்கியையே கொடுத்தனுப்புகிறேன். பாதிதான் இருக்கிறது. பார்த்ததும் ஆசை விட்டுப்போகும்.

அவன் திரும்பும்போது நம் உப்பளத்துக் கல்லுப்பு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பு. நாலு பக்கமும் உப்புத் தண்ணீர், ஆனால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

முதலாளி கூப்பிடுகிறார். இன்னும் பெரிய கொக்கியாக வாங்கிவந்திருக்கிறாராம். நீ கவலைப்படாதே, மாட்டும்போது அதைக் கடலில் தவறவிடும் பொறுப்பு என்னுடையது.

உன்,
சூசைநாதன்