அறிவரசனின் ஆறாவது விரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். ஜெர்மனியில் குளிர்தான் தாங்கவில்லை. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நேற்று போனில் பேசும்போது, தம்பி அறிவரசன் இருட்டில் படி தெரியாமல் விழுந்ததற்கு அத்தை அம்மாவைத் திட்டியது எனக்கும் கேட்டது. "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு கிரகணத்துல வெளிய போனா வேற எப்படி பொறக்கும்?" நீங்களோ பேச்சை மாற்றி இங்கத்திய குளிரைப் பற்றிக் கேட்டீர்கள்.

கிரகணமாவது மண்ணாவது! செல்லின் மேல் மயிர்போல நீட்டிக்கொண்டிருப்பது சிலியா. அதற்குத் தேவையானதைக் கொண்டுசேர்க்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைத்தான் இங்கே ஆராய்கிறேன். அது ஓரிடத்தில் கோணினாலே தம்பிக்கு வந்தது போல ஆறாவது விரலும் முளைக்கும், கண்ணும் கெடும். அம்மாவின் மரபணுவில் மட்டும் பழுது இருந்தால் இந்த நோய் வராது, உங்களிடமிருந்தும் வர வேண்டும். திருச்சி டாக்டர் உங்கள் இருவரையும் உட்காரவைத்து இதைத்தானே சொன்னார்? அத்தையிடம் ஏன் மறைத்தீர்கள்?

பெரம்பலூர் போனால் தம்பிக்கு நல்ல டார்ச் வாங்குங்கள். எனக்கு அம்மா இடித்த பருப்புப்பொடி அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட எதுவும் இறங்கவில்லை.

அடுத்த கிரகணம் பிடித்திருக்கும்போதே அம்மாவை வாசலில் உட்காரவைத்து, அத்தை பார்க்க நீங்களே சோறு போடுங்கள். அதுவரை எனக்குப் போன் செய்ய வேண்டாம்.

பிரவீணா