இரண்டு அம்மாவுக்கு ஒரு பந்தாட்டக்காரன்

தணிகை முருகன் துணை

திருத்தணி, சித்தூர் ஜில்லா
சர்வசித்து வருஷம் கார்த்திகை மாதம் 20

ரங்கூனிலிருக்கும் தங்கை மா கின்னுக்கு அக்காள் கௌரியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் பிள்ளை தணிகாசலமும் மாடு கன்றுகளும் நலம். சௌபாக்கியவதி என்று ஆரம்பிக்க நம் இரண்டு பேருக்கும் கொடுத்துவைக்கவில்லை. ஆகையால் தங்கை என்று மட்டும் போட்டிருக்கிறேன். அது போதுமென்று நினைக்கிறேன்.

இதை உங்களுக்குப் படித்துக் காட்டப்போகிற வீராசாமி அண்ணனுக்கு என் நமஸ்காரம். யுத்தம் முடிந்ததும் நீங்கள் உயிரோடு இருப்பதை எழுதித் தெரிவித்த புண்ணியவான் அவர். உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று பிள்ளை சொல்லியிருக்கிறான். அண்ணன் நான் எழுதியதை எழுதியபடியே படிக்க வேண்டும். நடுவில் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்து உங்களை அழவைக்கக் கூடாது. அங்கிருந்து வந்த போன கடிதத்தில் பாதி அவருடைய ஒப்பாரிதான் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் நல்ல சமாசாரம். சென்னையில் ஒரு புட்பால் கோஷ்டி சேர்த்து உங்கள் ஊருக்கு ஆட அனுப்புகிறார்கள். அதில் நம் பிள்ளையும் ஒருவன். மார்கழி பிறந்ததும் கப்பல். பதினைந்து வயதில் நீங்கள் அனுப்பிவைத்தவன் இப்போது முழு ஆளாக வருகிறான். மீசை கூட இருக்கிறது. அதை மீசை என்று ஒப்புக்கொள்ள நீங்கள் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவன் இங்கே வந்து சேர்ந்த கதையை நீங்கள் முழுதாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். அவனும் சொல்ல மாட்டான். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், மணவூர்க்காரர் சின்னசாமி என்பவர் அவனைக் கையைப் பிடித்து என் வாசலில் கொண்டுவந்து விட்டார். அவரும் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்தான். பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல், "நைனா வழியிலே காட்டுலே பேதி கண்டு போயிட்டாருங்க. திருத்தணிக்குப் போ, பெரியம்மா இருக்காங்கன்னு சொன்னாரு" என்றான். அவ்வளவுதான். அப்படியே சுவரோரம் சரிந்துவிட்டான். உடம்பு அனலாய்க் கொதித்தது.

உங்களைப் பற்றி எனக்கு அதற்கு முன்பே தெரியும். நம் வீட்டுக்காரர் மறைக்கவில்லை. ரங்கூன் அரிசி ஆலைக்குப் போன நாலாம் வருஷமே எழுதிவிட்டார். எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது, இல்லையென்று எழுதினால் மலைமேல் இருப்பவன் சிரிப்பான். ஆனால் புருஷன் செத்த சேதியும் காய்ச்சலோடு ஒரு பிள்ளையும் ஒன்றாக வாசலுக்கு வந்தால் எதை முதலில் பார்ப்பது? காய்ச்சலைத்தான் பார்த்தேன். இவன் பிழைத்தால் உன் குளத்தில் இவனுக்கு முடி இறக்குகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அழுகையெல்லாம் அவன் எழுந்து கஞ்சி குடித்த பிறகுதான்.

தேறியதும் அவனுக்கு வாய் கசந்தது. உங்கள் ஊர் மீன் விழுது வேண்டும் என்றான். அதை நான் கண்டேனா? அரக்கோணம் சந்தையில் கருவாடு வாங்கி, இடித்து, மிளகாய் சேர்த்து, என் புத்திக்கு எட்டிய மட்டும் செய்து வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "இதேதான் பெரியம்மா, எங்க அம்மா பண்றா மாதிரியே கீது" என்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் காரம் என்றான். எதிரே இருக்கிறவர்கள் மனம் நோகக் கூடாது என்றால் எந்தப் பொய்யும் சொல்வான். இந்தக் குணம் அவனுக்கு உங்களிடமிருந்து வந்ததா, அவரிடமிருந்து வந்ததா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்னிடமிருந்து வரவில்லை.

இரவு படுக்குமுன் தரையில் நெற்றி பட மூன்று தடவை வணங்குவான். புத்தர் சாமிக்கு என்றான். கும்பிடு, ஒரு வீட்டுக்கு இரண்டு சாமி இருந்தால் காவலுக்கு நல்லது என்றேன். இன்றுவரை விடவில்லை.

பந்து விஷயத்துக்கு வருகிறேன். கத்தரிக்காய் மூட்டையோடு அவனை அரக்கோணத்துக்கு அனுப்பினேன். ரயில்வேக்காரர்கள் ஆடும் மைதானத்திலிருந்து பந்து எகிறி ரோட்டுக்கு வந்திருக்கிறது. இவன் தலையில் மூட்டையை வைத்தபடியே அதைப் புறங்காலில் வாங்கி, கீழே விழாமல் நாலைந்து தரம் தட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறான். அன்றே அந்தக் கோஷ்டியை நடத்தும் ரயில்வே குமாஸ்தா சுந்தரமூர்த்தி என் வீடு தேடி வந்துவிட்டார். ஒர்க்ஷாப்பில் வேலை தருகிறோம், சாயங்காலத்தில் பந்தாட வேண்டும் என்றார். பந்து உதைப்பதற்கு ஒருவன் சம்பளம் தருவான் என்றால் எந்தப் பெண்பிள்ளை நம்புவாள்? ஏதோ பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார் என்று நினைத்து, துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசினேன். அந்த மனிதர் பாவம், துடைப்பத்தையே பார்த்துக்கொண்டு மரியாதையாகப் பதில் சொன்னார்.

யுத்தம் முடிகிற வரை அங்கே விமானத் தளத்தில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களோடெல்லாம் ஆடினான். அவர்களுக்குப் பூட்ஸ், இவனுக்கு வெறுங்கால். பெருவிரல் நகம் பெயர்ந்து வருவான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவேன். வலிக்கவில்லை என்பான், அதுவும் பொய்.

ஆட்டத்தை நான் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன். இந்த ஆடியில்தான். சென்னையிலிருந்து பெரிய மனிதர்கள் ஆள் பொறுக்க வருகிறார்கள் என்றதும் மனம் கேட்கவில்லை. அவனோடு ஆடும் எல்லப்பனின் தாயார் சின்னம்மாளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போனேன். அவர்கள் பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர்கள். பெண்பிள்ளைகள் யாரும் மைதானத்துக்குள் இல்லை. நாங்கள் தண்டவாளத்து வேலிக்கு இந்தப் பக்கமாகவே நின்றுகொண்டோம். தங்கையே, பந்து அவன் காலை விட்டுப் போக மாட்டேன் என்றது. நம் வீட்டுக்காரருக்குத் தன் வேட்டி தடுக்காமல் வாசற்படி இறங்கத் தெரியாது. இது எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். உங்கள் தம்பி கோ டுன் தெருமுனையில் வட்டமாக நின்று ஆடும் பிரம்புப் பந்து ஆட்டத்தைச் சொன்னான். "கீழே வுடக்கூடாது பெரியம்மா, வுட்டா மாமா திட்டுவாரு" என்றான். அந்தக் கால் உங்கள் வீட்டுக் கால். நான் அதற்குச் சோறுதான் போட்டேன்.

இப்போது நடந்த கூத்தைக் கேளுங்கள். அந்த ஆட்டம் ஆடிக் கிருத்திகை முடிந்த மூன்றாம் நாள். என் வேண்டுதலை ஒவ்வொரு வருஷமும் சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தவன், நெற்றியில் விழும் முடி மேல் அவ்வளவு ஆசை, இந்தக் கிருத்திகைக்குத்தான் ஒப்புக்கொண்டான். குளத்தங்கரையில் நாவிதர் கத்தி வைத்ததும், "எங்க அம்மாவும் எனக்கு மொட்டை போட்டு, காவி கட்டி, மடத்துலே கொஞ்ச நாள் விடணும்னு இருந்தாங்க. அதுக்குள்ளே சண்டை வந்துடுச்சு" என்றான். மலையேறிப் போய், இதில் பாதி ரங்கூன் தாயாருடையது என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் சாமியிடம் நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

காவடி எடுத்த எல்லப்பனும் அதே நாளில் மொட்டை. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே சட்டை, தலை நிறையச் சந்தனம். சென்னைக்காரர்கள் மூன்று கோல் போட்ட மொட்டையை மனதில் வைத்துக்கொண்டு, பெயரைக் கேட்கையில் பக்கத்திலிருந்த மொட்டையைக் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். புரட்டாசியில் அழைப்பு எல்லப்பனுக்கு வந்தது. நம் பிள்ளை அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான். இவன் கடல் தாண்டிப் போகவில்லை என்பதில் என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் அன்றிரவு அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "பசி இல்லே பெரியம்மா" என்றான். அதைப் பார்த்த பிறகு அந்தப் பால் எனக்குச் செரிக்கவில்லை.

சென்னையில் முதல் நாளே எல்லப்பனிடம், அன்றைக்குப் போல் பந்தைக் காலில் நிறுத்திக் காட்டு என்றிருக்கிறார்கள். அவன் பேசாமல் ஏதோ செய்து சமாளித்திருக்கலாம். ஏழை வீட்டுப் பிள்ளை, கப்பலேறும் யோகம். "அது நான் இல்லீங்க, எங்க பர்மாக்காரன். ஆளை மாத்திக் கூப்ட்டுகினு வந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பி வந்துவிட்டான். மறுநாள் நம் பிள்ளையைக் கூப்பிட்டுத் தந்தி வந்தது. நான் பொதட்டூர்பேட்டைக்குப் போய் அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தேற்றி, உங்களுக்கென்று ஒரு லுங்கி கொடுத்தனுப்பினாள். அவர்கள் தறியில் நெய்தது. பிள்ளை கொண்டுவருவான். உங்கள் ஊரில் பெண்களும் அதுதானே கட்டுகிறீர்கள்!

இனி எழுதப்போவதை அண்ணன் நிதானமாகப் படிக்க வேண்டும்.

உங்கள் தம்பி நம் பிள்ளைக்கு எழுதிய கடிதத்தை அவன் என்னிடம் காட்டினான். ரங்கூன் துறைமுகத்தில் வேலை, அவர்கள் கோஷ்டியில் இடம், கோஷ்டி திரும்பினாலும் அவன் அங்கேயே இருந்துவிடலாம் என்றிருக்கிறது. எங்களுக்கு ஆடிக் கடைசியில் சுதந்திரம் வந்தது, உங்களுக்கு இந்த மார்கழியில் வருகிறது. புது நாட்டுக்காக ஆடும் யோகமும் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார். பொய்யில்லை. இந்த ஊரில் அவன் பர்மாக்காரன். அந்த ஊரில் அவனைத் தமிழன் என்பார்களோ என்னவோ. ஆனால் அங்கே பெற்ற தாய் இருக்கிறாள்.

நான் என்ன சொல்வேன் என்று அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் முறத்தை எடுத்துப் புடைக்க உட்கார்ந்துவிட்டேன். நான் வந்துவிடு என்றால் வந்துவிடுவான், தங்கையே. நீங்கள் இங்கேயே இரு என்றால் இருந்துவிடுவான். இரண்டில் எதைச் செய்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்பான். அந்தக் கருவாட்டைத் தின்ற வாய்தானே அது. அதனால்தான் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாது, கேட்டுவிட்டேன். வயிறு நிறையப் போடுங்கள், அந்த மீன் விழுதையே போடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவனாக வாய் திறந்து எதைச் சொல்கிறானோ அது நடக்கட்டும்.

எனக்குப் பிள்ளை இல்லை. ஐந்தாறு வருஷம் இருந்தது. அதற்காக உங்களுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தீராது. போர் நடுவில் தன் கையிலிருந்த பிள்ளையை, முகம் தெரியாத சக்களத்தி வாசலை நம்பி அனுப்பினவள் நீங்கள். அந்தத் துணிச்சல் எனக்கு வருமா என்று பார்க்கிறேன்.

விபூதியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அவன் பெட்டியில் வைக்கிறேன். கடற்காற்றில் நனையாமல் வரட்டும். நீங்களும் உங்கள் வீட்டாரும் நீடூழி வாழ வேண்டும், புது நாடு உங்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று தணிகைமலையானை வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. அவன் அங்கே இருந்துவிடுவதானால், அவனை எழுதச் சொல்லாமல் நீங்களே வீராசாமி அண்ணனைக் கொண்டு ஒரு வரி எழுதிப் போடுங்கள். திரும்பி வருவதானால் எழுத வேண்டியதில்லை. தை பிறந்தால் தபால்காரர் எங்கள் தெருப் பக்கம் வராத நாளெல்லாம் எனக்கு நல்ல நாள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள்
கௌரியம்மாள்