புகைக்கு முந்திய சத்தம்

மார்ச் 3, செவ்வாய்

"பெரியவ டேங்க் கம்பெனியில இன்ஜினீயரு" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "தண்ணி டேங்கா?" என்றாள் அத்தை. நான் உள்ளே போய்விட்டேன். ரிமோட்டில் ஓடும் பீரங்கி டேங்க் பொம்மை என்று சொன்னால், இதற்கா படித்தாய் என்பார்கள். எங்கள் வீட்டின் முதல் டிகிரி வேறு.

இன்ஜின் உறுமும் அதே நொடியில் பின்னால் புகை வரவேண்டும். அதுதான் என் வேலை. எண்ணெயைச் சூடாக்க ஒரு கம்பி, புகையை ஊதித் தள்ள ஒரு குட்டி ஃபேன். ஃபேன் எப்போது சுற்றவேண்டும் என்று புரோகிராம் எழுதுகிறேன். நாள் முழுக்க உறுமல். "தலை வெடிக்குதுடீ" என்றார் பக்கத்து மேசை கணக்கு அக்கா, முதல் வாரமே. அன்றிலிருந்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, லேப்டாப் வழியாக ஒயர் இல்லாத இயர்போனில்தான் கேட்கிறேன்.

இன்று கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

மார்ச் 5, வியாழன்

மானம் போனது. மொத்தமாக வாங்க வந்தவர் முன்னால் மேனேஜர் ஸ்பீக்கரைப் போட்டு ஓட்டினார். டேங்க் உறுமியது. புகை நிதானமாகப் பின்னால் வந்தது.

"சத்தம் பஸ் ஏறிடுச்சு சார், புகை பின்னாடி ஓடி வருது" என்று வந்தவர் சிரித்தார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "அடுத்த வெள்ளி திரும்ப வர்றார். அதுக்குள்ள சரியாகலன்னா, எப்பவும் புகை வர்ற மாதிரி வெச்சு வித்துடுவோம். அப்புறம் உனக்கு இங்க என்னம்மா வேலை?"

மார்ச் 7, சனி

வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஃபேனை மாற்றினேன். எண்ணெயை மாற்றினேன். நான் பார்த்தால் மயிரிழைகூடப் பிசகவில்லை. அவர்கள் பார்த்தால் பிசகுகிறது. புகைக்கு என்மேல் என்ன கோபம்?

கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காமல் அழுதேன்.

மார்ச் 11, புதன்

மேனேஜர் வந்து, கேட்காமலே ஸ்பீக்கரைப் போட்டார். எனக்கு ஒரு காதில் மட்டும் இயர்போன். வலது காதில் ஒரு டேங்க். இடது காதில், சற்றுப் பிந்தி, இன்னொரு டேங்க்.

கடவுளே. இயர்போன்தான் சத்தத்தைத் தாமதமாகத் தருகிறது. அந்தத் தாமதத்துக்குப் புகையைப் பொருத்தியிருக்கிறேன் — இத்தனை வாரமாக!

சொல்லாமலே சரிபண்ணிடலாமா? ஆனா ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பாக்கணும்? எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களே... சொல்லிட்டேன்.

"டேங்க் செய்யற எடத்துல சத்தம் போட வெக்கப்பட்ட ஒரே ஆள் நீதாம்மா" என்றார். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

நாள் முழுக்க ஸ்பீக்கர். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

வந்தவர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மார்ச் 18, புதன்

கணக்கு அக்கா பெரிய பஞ்சுச் சுருளோடு வந்து இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார். "வருஷம் பூரா ஓடற ஆர்டராம். நீயும் எங்கயும் போறதா இல்ல. வேற வழி?" என்று எனக்கும் கொஞ்சம் கிள்ளி நீட்டினார்.

"வேணாம்க்கா, எனக்குக் கேக்கணும்."

அவருக்குக் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன்.