ஐந்து யூனிக்ஸும் ஒரே விதியும்

பெங்களூர், மாசி 1996

ஞானம்பாளுக்கு நலம் வேண்டும். உன் முட்டுவலி தணிந்ததா? நான் சொல்லச்சொல்ல இந்த ஆபீஸில் வேலை பார்க்கும் நம்ம கல்லிடைக்குறிச்சி முகுந்தன் எழுதுகிறான்.

இந்த ஆபீஸில் ஐந்து கம்பெனி கம்ப்யூட்டர். எல்லாம் யூனிக்ஸ் என்கிற ஒரே வம்சம்தான், அதில் அடிக்கும் கட்டளைதான் வேறுவேறு. கம்ப்யூட்டருக்குள் ஓடும் வேலைகளைப் பார்க்க ஒன்றில் "ஈ எஃப்", இன்னொன்றில் "ஏ யூ எக்ஸ்". டீ கொடுக்கும்போது காதில் விழுந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். "அண்ணாச்சி, இங்கன என்ன அடிக்கணும்?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

இப்போது கம்பெனிகள் கூடி எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை என்று விதி வகுத்துவிட்டார்களாம். நேற்றுப் பழக்கத்தில் கேட்காமலே போய்க் கட்டளையைச் சொன்னேன். "இனி எல்லாத்துலயும் ஈ எஃப்தான் அண்ணாச்சி, நீங்க பைய உக்காருங்க" என்றான் முகுந்தன். டீ கொடுக்கும் வேலை இருக்கிறது, கவலைப்படாதே.

டீ வேளையாகிறது. கொஞ்சம் சுக்கு அனுப்பு. பதிலை நீளமாக எழுதச்சொல். எனக்கு வாசித்துக்காட்டி முடிக்கும்வரை யாராவது பக்கத்தில் இருப்பார்கள்.

இப்படிக்கு, உன் புருஷன் பாபநாசம்