வடக்குச் சரிவின் ஆணிகள்

டப்ளின், 14 மார்ச் 1896, சனிக்கிழமை

அன்பு மனைவி லவ்ரிக்கு,

உன் இஃபன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? ஆடு குட்டி போட்டதா?

இந்த நீதிமன்றக் கூரையைப் பழுதுபார்க்க என்னைவிட்டால் ஆளில்லை. நீதிபதியே என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார். கூரை முழுக்க ஓடாக வேய்ந்திருப்பது நம் வேல்ஸ் மலையின் பலகைக்கல்தான். தட்டினால் இன்னும் மணிபோல ஒலிக்கிறது. அதைப் பிடித்திருக்கும் இரும்பு ஆணிகள்தான், வாசலுக்கு மேலே உள்ள கூரையின் வடக்குச் சரிவில் துருப்பிடித்துவிட்டன. ஒன்றை இரண்டு விரலால் இழுத்தேன், மாவாக உதிர்ந்தது. நேற்று யாரும் தொடாமலே ஒரு கல் சரிந்து, வாசலோரப் புல்தரையில் கோடரிபோல் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதே.

மேஸ்திரி கின்செல்லாவிடம் வாசலை அடைக்கச் சொன்னேன்.

"திங்கக்கிழமை வழக்கு கேக்க ஊரே வருது. வேலி போட்டா முதலாளி என்னைத் தொலைச்சிடுவாரு. ஒத்தைக் கல்லுக்கு இவ்வளவு பேச்சா, வேல்ஸ்காரரே?"

"ஒத்தைக் கல் இல்லய்யா, சரிவே மொத்தமா கிளம்பும்."

"உங்க வாய்தான்யா முதல்ல கிளம்புது!" என்று சிரித்தார்.

இதை எழுதும்போதே காற்று வலுக்கிறது. திங்களன்று வாசலில் நானே நின்று கூட்டத்தை விரட்டப்போகிறேன். என் குரலுக்கு ஆயிரம் பேர் ஓடுவார்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு அனுப்பு. சுரங்கத்தில் போடும் என் கெட்டித் தொப்பியையும் அனுப்பு. தபால் பையை மூடப்போகிறார்கள். தொப்பி திங்களுக்குள் வந்து சேராது, தெரியும். ஆனாலும் அனுப்பு.

உன் இஃபன்