சர்க்கரை என்றுதானே எழுதியிருந்தது

பிப்ரவரி 2, ஞாயிறு

அக்கா மகள் கலைமதிக்கு இன்று வளைகாப்பு. தாய்மாமன் நான் இருபத்தொரு தட்டு வைத்தேன். சரி, பதினொன்று. ஊர் இருபத்தொன்று என்றுதான் பேசும். நடுத்தட்டில் வெல்ல அதிரசம். பென்னலூரில் இப்படி ஒரு அதிரசத்தை எவனும் பார்த்திருக்க மாட்டான்.

அவள் புருஷன் வசந்தகுமார் முகத்தைச் சுளித்தான். "மாமா, அவளுக்கு சுகர் கீது. நர்சம்மா இன்னா எழுதினாங்க, பாத்தியா?"

ஆஸ்பத்திரி அட்டையை வாங்கி எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தேன். 'சர்க்கரை சேர்க்கக் கூடாது.' சர்க்கரை என்றுதானே எழுதியிருக்கிறது? வெல்லம் என்று எங்கே? "அது வெள்ளை விஷம்பா. இது இரும்புச் சத்து" என்றேன். எட்டாவது வரை படித்தவன், எனக்குத் தமிழ் தெரியாதா! பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

பிப்ரவரி 11

கம்பெனி பஸ்ஸை ஒரகடத்தில் விட்டுவிட்டு வரும்போது தினமும் கலைமதிக்கு ஒரு பொட்டலம். இன்று கடலை உருண்டை.

"பயமா கீது மாமா."

கர்ப்பிணி ஆசைப்பட்டதைத் தராவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும், தெரியாதா இவளுக்கு? ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு குடித்தால் நேராகிவிடும் என்று தைரியம் சொன்னேன். என் பஸ்ஸில் வரும் நாற்பது பேருக்கும் நான்தான் டாக்டர். போன வாரம் ஒரு மேனேஜரே சுகருக்கு என்னிடம் யோசனை கேட்டார். மேனேஜர் இல்லை, வாட்ச்மேன்.

மார்ச் 9

வயிறு எட்டு மாதத்துக்கு ரொம்பப் பெரிதாம். "சிங்கக்குட்டிடி" என்றேன்.

ஏப்ரல் 3

காலையில் ஆபரேஷன். பையன். நாலு கிலோ நூறு. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலரை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்குள் பிள்ளைக்கு உதறல் எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

டாக்டரம்மா வந்து கலைமதியிடம், "ஸ்வீட் சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"சத்தியமா சக்கரையே தொடல மேடம். வெல்லம்தான். மாமா டெய்லி எடுத்தாந்து குடுப்பாரு."

எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் அந்தப் பெண்.

"வெல்லம், தேன், சக்கரை, உடம்புக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா."

வசந்தகுமார் என் சட்டையைப் பிடித்தான். "யோவ், உன்ன எவன்யா டாக்டராக்குனது?" அக்கா என் பக்கமே திரும்பவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 4

பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாம். ஏறினால்தானே கெடுதல்? இறங்கிவிட்டது என்றால்?

நர்ஸ் விளக்கினாள். வயிற்றுக்குள் தாயின் சர்க்கரை கொட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளை உடம்பு அதை எரித்து எரித்துப் பழகிவிட்டது. கொடியை அறுத்ததும் வரத்து நின்றது. எரிப்பது மட்டும் நிற்கவில்லை.

மணிக்கொரு தரம் குதிகாலில் குத்திப் பார்க்கிறார்கள். நான்தாண்டா பண்ணேன். ஐயோ, நான்தாண்டா. யார்கிட்ட போய் சொல்ல? எல்லாருக்கும்தான் தெரியுமே.

ஏப்ரல் 5

பிள்ளையின் சர்க்கரை நாற்பத்திரண்டு. முப்பத்தெட்டு. இந்த நம்பரை மட்டும் கூட்டிச் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 6

பஸ்ஸில் வரும் ஜோதி போன் செய்தாள். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே மாமியாருக்குத் தேன் குடுக்குறோம். சுகர் மாத்திரைய நிறுத்திட்டோம்."

வராந்தா என்றும் பார்க்காமல் கத்தினேன். "குடுக்காத! நான் சொன்னது பொய்மா. இப்பவே டாக்டராண்ட இட்டுகினு போ!"

"இன்னா அண்ணே, விளையாடுறியா?"

கெஞ்சினேன். அழுதேன். அப்புறம்தான் நம்பினாள். இன்னும் எத்தனை பேரிடம் என்னென்ன சொல்லி வைத்தேன்? ஞாபகமே இல்லை — அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 8

பஸ்ஸைக் கிளப்புமுன் எல்லோர் முன்னாலும் நின்று, என் வைத்தியமெல்லாம் பொய் என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். குளுக்கோஸ் ஊசியைக் கழற்றி மூன்று நாள் ஆகிறது. கூப்பிடாமல் போனேன்.

பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் ஒரு கிண்ணத்தில் தேனை நீட்டினாள். "பெரிய மனுசன் வந்துட்டாரு. சேனை வையிப்பா. நாக்குல மொதல்ல இனிப்பு வெக்கிறவங்க குணம்தான் புள்ளைக்கு வரும்."

கிண்ணத்தை வாங்கவில்லை. "டாக்டராண்ட கேட்டீங்களா?" என்றேன்.

"தாய்ப்பால் மட்டும்தான் மாமா" என்றாள் கலைமதி. பிள்ளையை என் மடியில் வைத்தாள். "சும்மா வெச்சிக்கோ."

கனமாக இருந்தான். வசந்தகுமார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள வரவில்லை.